வளையம் மெலிந்த வருஷம்

ஜூலை 14

என் அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, விரல் நுனிகளைத் தவிர. நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டித் தீட்டி ரேகையே அழிந்துவிட்டது. இனி நான் திருடப் போனால்கூட யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உன் கை எப்படி இருக்கிறது? பிளீச்சிங் பவுடரில் நீயே கையை விடாதே என்று எத்தனை தடவை சொல்வது? ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்ப்பவளுக்கு வாய் இருந்தால் போதும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் விடுதி ஃபோன் வார்டன் மேஜைமேல் இருக்கிறது. நான் ஹலோ சொன்னால் அந்தம்மா பதில் சொல்லிவிடும் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் கடிதம்.

ஒரு வானாய்வு நிலையத்தில், பெரிய தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி தீட்டும் பட்டறையில், ஒரே ஓர் இடம் காலியாகியிருக்கிறது. படிப்பு கேட்கவில்லை. சொந்தக் கையால் தீட்டிய கண்ணாடி வழியாக இந்த வருஷம் எடுத்த சனிக் கோளின் படம் ஒன்று, நெகட்டிவோடு, செப்டம்பர் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். நிலாவை எவனும் எடுத்துவிடுவான். சனியின் வளையம் உருண்டையிலிருந்து பிரிந்து தெரிந்தால்தான் கண்ணாடியின் வளைவு சரி என்று அர்த்தம்.

என் கண்ணாடி, தொலைநோக்கியில் மாட்டியபடியே, உன் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. பதினோரு மாதம் அந்த இரும்பு டிரம்மேல் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து தீட்டியது. தீட்டும் மாவைக் கொட்டுகிறேன், தரை பாழாகிறது என்று நீதான் என் பின்னாலேயே ஈரத்துணியோடு சுற்றினாய். பிப்ரவரியில்தான் இங்கே சேர்ந்தேன், ஒரு வருஷம் முடியாமல் ஒரு நாளைக்குமேல் விடுப்பு கிடையாது. தபாலில் அனுப்பச் சொன்னால் கண்ணாடி சில்லு சில்லாகத்தான் வந்து சேரும். எனவே படத்தை நீ எடுக்க வேண்டும். காமிராவும் அங்கேதான் இருக்கிறது. எப்படி மாட்டுவது என்று தனித்தாளில் வரைந்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் ராத்திரி எட்டரைக்கு, கிழக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, மின்னாமல் மஞ்சளாகச் சனி நிற்கும்.

அதற்குமுன் கண்ணாடியைப் பார். தூசியாக இருந்தால் சுத்தம் பண்ணி வை. சுத்தத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

எனக்கு இந்த வேலை வேண்டும். ஒன்பது வருஷமாக அடுத்தவர் மூக்குக்கு லென்ஸ் தீட்டியாகிவிட்டது.

உன் அக்கா

---

ஜூலை 25

அருமை அக்காவுக்கு,

பினாயில் எழுதிக்கொள்வது. நீ வைத்த பேர்தான், இப்போது ஆஸ்பத்திரியிலும் பரவிவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, வீட்டுக்காரர்மேல்தான் சந்தேகம். நாங்கள் இருவரும் நலம். என் கையில் தோல் உரிவது நின்றிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை எழுதவே இல்லை.

படம்தானே, எடுத்துவிட்டால் போகிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் வேறு யாருக்குக் கிடைக்கும்?

நேற்றுச் சாயங்காலம் தொலைநோக்கிக் குழாயின் மூடியைக் கழற்றி நிலாவைப் பார்த்தேன். புகை மூட்டத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. கீழே எட்டிப் பார்த்தால், ஐயோ, அது கண்ணாடியா, குப்பை மேடா? ஒரு சிலந்தி குடும்பமே நடத்துகிறது. தூசி போதாதென்று ஓரத்தில் கறை வேறு. உன்னுடைய பொருளை இப்படி வைத்திருந்தேனே என்று வெட்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு அதைக் கழற்றிக் குளிப்பாட்டிவிடுகிறேன். என் வார்டுத் தரையில் முகம் பார்த்து டாக்டர்கள் தலை வாருகிறார்கள், உன் கண்ணாடி எம்மாத்திரம்.

கவலையை விடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பினாயில்

---

ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன், மதிய இடைவேளை முடியப் போகிறது.

குளிப்பாட்டுகிறேன் என்று எழுதியிருந்தாயே, விளையாட்டுக்குத்தானே? நாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் முன்பக்கம். அலுமினியப் பூச்சு, தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துணி பட்டாலே கீறும். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றால் ஊது, தூசி போகிற மட்டும் போகட்டும், மிச்சம் இருந்துவிட்டுப் போகட்டும். கறை இருந்தாலும் படம் விழும்.

கை மட்டும் பட வேண்டாம். உடனே பதில் எழுது.

அக்கா

---

ஆகஸ்ட் 10

(இந்தக் கடிதம் அப்போது தபாலில் சேரவில்லை.)

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் பதினோரு நாள் ஆகிறது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அடித்தட்டின் மூன்று திருகாணிகளையும் கழற்றி, குழந்தையை எடுப்பதுபோல்தான் எடுத்தேன். துவைகல்மேல் துண்டை விரித்து வைத்தேன். முதலில் சோப்புத் தண்ணீர். தூசி போனது, கறை போகவில்லை. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. கறை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கிற பொடியை எடுத்து, தேய்ப்பானால் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. பார்த்தாயா எவ்வளவு அழுக்கு என்று எனக்குச் சந்தோஷம். வீட்டுக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுக்கத் தேய்த்தேன் அக்கா. ஓரம்வரைக்கும், ஒழுங்காக, வார்டு தரையைத் தேய்ப்பதுபோல்.

அலசிவிட்டுத் தூக்கிப் பார்த்தால், அதன் வழியாக என் விரல்கள் தெரிந்தன. ஜன்னல் கண்ணாடி மாதிரி.

அவர்தான் முதலில் சொன்னார். "என்னம்மா, பளபளப்பு எங்க போச்சு?"

நான் சாக்கடையைப் பார்த்தேன். ஓடிவிட்டிருந்தது.

பதினோரு மாதம். உன் கையிலிருந்து எத்தனை தடவை ரத்தம் வந்தது என்று எனக்குத் தெரியும், மருந்து போட்டது நான்தானே. அதை அரை மணி நேரத்தில் கழுவி ஊற்றிவிட்டேன். எனக்கு

---

ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் விரல் நுனிகள் தேறினவா? எண்ணெய் தடவிப் பார்.

பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரே அமளி. நீ சொன்னபடியே பந்தால் ஊதினேன். குளிப்பாட்டுகிறேன் என்றது சும்மா. உனக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும் சுபாவம்.

பத்து நாளாக மேகம். தினமும் எட்டரைக்குக் கொல்லைப்புறம் போய் அண்ணாந்து பார்க்கிறேன். கழுத்துதான் வலிக்கிறது. பக்கத்து வீட்டில் வேறு புதிதாக ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள், கல்யாண வீடு தோற்றுவிடும். எப்படியும் எடுத்துவிடலாம்.

பினாயில்

---

செப்டம்பர் 10

(அனுப்பாமல் வைத்திருந்த அதே தாளின் பின்பக்கம்)

அக்கா, இதையும் உனக்கு அனுப்பப் போவதில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. மேகம் மேகம் என்று இரண்டு கடிதம் எழுதியாகிவிட்டது. நீயும் ஒன்றும் சந்தேகப்படாமல், 'பரவாயில்லை, வானம் நம் பேச்சைக் கேட்குமா' என்று பதில் எழுதுகிறாய். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஆஸ்பத்திரி ஸ்டோர் அறையில் மருந்துக் கம்பெனிக் காலண்டர் ஒன்று கிடக்கிறது, பழசு. ஒரு மாதத்துக்குச் சனியின் படம். வளையம் நன்றாக விரிந்து, தொப்பியின் விளிம்பு மாதிரி. அந்தத் தாளைக் கிழித்து வந்தேன். கறுப்புத் துணியில் ஒட்டி, கொல்லைச் சுவரில் மாட்டி, இருட்டும் நேரத்தில் உன் காமிராவால் எடுத்தேன். அசல் மாதிரி இருக்க வேண்டுமே என்று லென்ஸைக் கொஞ்சம் தெளிவில்லாமல் திருப்பிக்கொண்டேன். இதிலும் எனக்குச் சுத்தம் பார், ஒரு குறை வைக்கவில்லை.

அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சனியப் புடிக்கச் சொன்னா, அது உன்னைப் புடிச்சிடுச்சு போலிருக்கே," என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரித்துச் சொல்லவில்லை. "உங்க அக்காகிட்ட சொல்லிடு," என்றார்.

சொன்னால் உனக்கு அந்த வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை கிடைக்கும். தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

---

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

இத்துடன் படமும் நெகட்டிவும். நான்கு நாள் முன் வானம் தெளிந்தது.

வேலை கிடைக்கட்டும்.

பினாயில்

---

செப்டம்பர் 11

என் அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? இங்கே எனக்கு இரண்டு நாளாகச் சளி. வார்டன் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தது, ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தது என்பது வேறு விஷயம். மாப்பிள்ளைக்குப் பஸ் டெப்போவில் மாற்றல் பேச்சு என்றாயே, என்னவாயிற்று?

உனக்கு ஒன்று சொல்ல மறந்தே போனேன், நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது. வளையம் பெரிதாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கப் போகிறாய். சனி ஒரு சுற்றுச் சுற்றிவர முப்பது வருஷம் ஆகிறது. அதில் இரண்டு தடவை வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். தட்டைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்தால் விளிம்பு மட்டும்தானே தெரியும், அப்படி. இந்த வருஷம் அந்த மாதிரி வருஷம். உருண்டைக்குக் குறுக்கே ஊசி செருகியதுபோல் ஒரு கோடுதான் இருக்கும். கண்ணாடி கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடாதே. அந்தக் கோடு தெரிந்தாலே உன் அக்கா நன்றாகத் தீட்டியிருக்கிறாள் என்று அர்த்தம்.

மேகம் கலைந்ததும் எடு. உன்னால் முடியும். தையல் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிறவள் நீ.

உன் அக்கா

---

செப்டம்பர் 17

(அதே தாள், ஓரத்தில்)

உன் கடிதம் வந்தது. என் படமும் இந்நேரம் உன் கையில் இருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

ஊசி மாதிரிக் கோடு என்கிறாய். நான் அனுப்பியது தொப்பி.

பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இப்போது என்ன செய்கிறாய் அக்கா?

---

செப்டம்பர் 24

தங்கைக்கு,

நலம்.

படம் கிடைத்தது. விண்ணப்பத்தோடு வைத்து அனுப்பிவிட்டேன்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

---

அக்டோபர் 12

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? சளி விட்டதா? உன் போன கடிதத்தில் ஒன்றுமே இல்லை. வார்டனைப் பற்றிக்கூட இல்லை.

அவருக்கு மாற்றல் இல்லையாம், இங்கேயேதான். ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வந்தவர் என் வார்டில் சுவர் மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தங்க எல்லா இடத்துலயும் இருந்தா நல்லாருக்கும்" என்றார். கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பாத்திரம் தேய்க்கிற வேலையை அவரே செய்கிறார் இப்போது. காரணம் கேட்காதே.

அக்கா, படம் சரியாக இருந்ததா? அவர்கள் ஏதாவது சொன்னார்களா?

பினாயில்

---

நவம்பர் 17

தங்கைக்கு,

எட்டு வாரமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நீண்ட அறை, நடுவில் பெரிய மேஜை, அதன்மேல் பச்சைத் துணி. பட்டறைத் தலைவர் என்று ஒருவர், வயதானவர். அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில் இடது லென்ஸில் கீறல். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

படத்தை என் பக்கம் தள்ளினார். "எப்ப எடுத்தது?"

"செப்டம்பர்ங்க."

"இந்த வருஷமா?"

"ஆமாங்க."

பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு கிழித்தார். "இந்த வருஷம் இப்படித்தானேம்மா இருக்கணும்?"

இப்போது நான் சொன்னதை எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. என் தங்கச்சிதான் எடுத்து அனுப்பினா. அவ ஏமாத்துவான்னு நினைக்கல. நம்பிட்டேன்."

அவர் இரக்கப்பட்டார். "கண்ணாடி தீட்டுறவங்களுக்கு வானம் தெரிஞ்சிருக்கணும்னு இல்லம்மா. கூடப் பொறந்தவங்களே இப்படிப் பண்ணினா நீங்க என்ன செய்வீங்க?" என்றார். டிசம்பர் முடிவதற்குள் உண்மையான படம் ஒன்றைக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று தவணை கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குத் தெரியாதா? உறையைப் பிரித்து, படத்தைப் பாதி இழுத்தபோதே தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க அதையே பார்த்தேன். அப்புறம் விண்ணப்பத்தில் வைத்து ஒட்டினேன். பார்க்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள் என்று ஓர் ஆசை. கவனித்தால் உன்மேல் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் அப்போதே எங்கோ இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறையில் வாக்கியம் அவ்வளவு தயாராக வந்திருக்காது.

நீ செய்ததற்கு ஏதோ காரணம் இருக்கும், அது எனக்குத் தெரியாது. நான் செய்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலில் என் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்காமல் இடம் மாறி உட்கார்ந்தேன்.

என்ன நடந்தது என்று எழுது.

அக்கா

---

நவம்பர் 25

அக்கா,

இத்துடன் இருக்கும் தாளைப் படி. ஆகஸ்டிலிருந்து அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது, அதுதான் அந்த வாசனை. முன்பக்கம், பின்பக்கம், ஓரம், எல்லாம் படி.

நீ என்மேல் போட்டது பொய் இல்லை. ஏமாற்றியவள் நான்தானே. நீ அழாதே.

கண்ணாடி இப்போது பீரோவில் பழைய போர்வைக்குள் இருக்கிறது. தொடவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது ஆணியடித்த மாதிரி இருக்கிறது, துணி எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம்.

என்ன வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

தங்கை

---

டிசம்பர் 2

அடி பினாயில்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அப்புறம் கேட்கிறேன். முதலில் இதைப் படி.

பாத்திரம் தேய்க்கிற பொடியா? படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடுதியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதைப் பற்றி வேண்டாம்.

நீ கழுவி ஊற்றியது பூச்சை. அது நான் தீட்டியதில்லை. ஒரு கடையில் கொடுத்து அரை நாளில் போட்டு வாங்கியது. பதினோரு மாதம் நான் தீட்டியது கண்ணாடியின் வளைவை. அது பொடிக்கும் தேய்ப்பானுக்கும் போகாது. நாலு கீறல் விழுந்திருக்கும், படம் கொஞ்சம் மங்கும். பூச்சே இல்லாத வெறும் கண்ணாடியும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஜன்னலில் நம் முகம் தெரிவதில்லையா? அது போதும். சனி நல்ல வெளிச்சமான கோள். ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் படம் விழும்.

இதை நீ ஆகஸ்டில் எழுதியிருந்தால், ஆகஸ்டிலேயே சொல்லியிருப்பேன். இந்தக் கோபம் மட்டும் எனக்கு ஆறவில்லை. கண்ணாடியைக் கெடுத்ததற்கு இல்லை, மூன்று மாதம் அதைத் தனியாக வைத்துக்கொண்டு அழுததற்கு. என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கா நான் உனக்கு ஆகிவிட்டேன்? கேட்கிறேனே தவிர, பதில் எனக்குத் தெரியும். 'எனக்கு இந்த வேலை வேண்டும்' என்று எழுதியவள் நான். 'சுத்தம் பண்ணி வை' என்று உன்னிடம் போய் எழுதியவளும் நான். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் அப்படி எழுதியிருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. கண்ணாடியை அப்படியே மாட்டு. கீறல் தெரிகிறது என்று எதையும் செய்யாதே. சாயங்காலம் ஏழு மணிக்குத் தென்மேற்கே உயரத்தில் சனி இருக்கும். ஆறு எண்ணும்வரை ஷட்டரைத் திறந்து வை. அந்த ஆறு எண்ணிக்கைக்கும் குழாயின் பக்கத்துத் திருகை மெல்ல, ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் கோள் நகர்ந்து படத்தில் இழுபட்டுப் போகும். ஃபிலிம் சுருளில் உள்ள முப்பத்தாறு படமும் எடு. ஒன்று தேறினால் போதும்.

அக்கா

---

டிசம்பர் 15

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். எனக்கு மட்டும் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, திருகைத் திருப்பித் திருப்பி. இந்த வலி நன்றாக இருக்கிறது, மருந்து போடவில்லை.

ஐந்து சாயங்காலம் எடுத்தோம். நான் திருக, அவர் எண்ணினார். டெப்போவில் டிக்கெட் கட்டு எண்ணுகிற வேகத்தில் ஆறு எண்ணிவிட்டார், முதல் நாள் பூராவும் வீண். அப்புறம் மூச்சு விட்டு எண்ணச் சொன்னேன்.

ஸ்டூடியோக்காரர் கழுவிவிட்டுக் கையை விரித்தார். "ஒண்ணுமே விழலைங்க. எல்லாம் கறுப்பு. நடுவுல ஏதோ தூசி மாதிரி இருக்கு, துடைச்சுத் தரட்டுமா?" என்றார். கவுண்டரைத் தாண்டி அவர் கையைப் பிடித்துவிட்டேன் அக்கா. பாவம், பயந்துபோனார்.

முப்பத்தைந்து வீண். ஒன்று தேறியது. பெரிது பண்ணச் சொல்லி வாங்கினேன். பட்டாணி அளவு மங்கலாக ஓர் உருண்டை, குறுக்கே கோடு. இரண்டு பக்கமும் கோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நீ எழுதியபடியே, ஊசி செருகின மாதிரி.

கடை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது ஆகஸ்டிலும் அந்தக் கண்ணாடிக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. நான் காலண்டரைத் தேடிப் போனேன்.

படமும் நெகட்டிவும் இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வயதானவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. முதல் படத்தை ஏமாற்றி எடுத்தவள்தான் இதையும் எடுத்தாள் என்று.

பினாயில்

---

ஜனவரி 20

என் அன்புத் தங்கைக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? வலி நன்றாக இருக்கிறதாம், பேச்சைப் பார். எண்ணெய் தேய். மாப்பிள்ளைக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல், எண்ணியதற்கு.

உன் படத்தை டிசம்பர் இருபத்தேழாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ஒரு கடிதம் வைத்தேன். பூச்சு போனதும், போன விதமும், நீ சொல்லச் சொன்னதும் எழுதினேன். கடைசியில், 'முதல் படம் பொய் என்று பார்த்த நொடியே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். தெரியாது என்று உங்களிடம் சொன்னதும் பொய். என் தங்கைமேல் போட்டேன்' என்று எழுதினேன். இந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் வேலை கிடைத்திருக்கும். எழுதுவதற்குமுன் அதுவும் எனக்குத் தெரியும். நான்கு நாள் எழுதாமல்தான் இருந்தேன்.

நேற்றுப் பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

நீ இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழப் போகிறாய். அழு, நானும் நேற்று அழுதேன். வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் பட்டறைக்குப் போய் முதல் லென்ஸை எடுத்தபோது கை ஓடவில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடாது. ஆனால் நீ மட்டும் செய்தது என்று நினைக்காதே. பாதி என்னுடையது. அதையும் சேர்த்து நீயே வைத்துக்கொள்ள நினைக்காதே, தர மாட்டேன்.

பட்டறைத் தலைவர் அலுவலகக் கடிதத்தின் அடியில் தன் கையால் சில வரி எழுதியிருக்கிறார். 'கண்ணாடியின் அளவைப் பொய்யாக எழுதினால் கண்டுபிடிக்கவே பத்து வருஷம் ஆகும் இடம் எங்கள் பட்டறை. அதனால் உங்களை எடுக்க முடியவில்லை, வருந்துகிறேன். பூச்சு இல்லாத கண்ணாடியில் இந்தக் கோடு விழுந்திருக்கிறதென்றால் வளைவில் குறையே இருக்க முடியாது. கண்ணாடியைக் கொண்டு வாருங்கள். எங்கள் பாத்திரத்தில் வைத்துப் புதுப் பூச்சுப் போட்டுத் தருகிறேன்.' பாத்திரம் என்று அவர் எழுதியிருப்பது பூச்சுப் போடும் இரும்புத் தொட்டியை. நீ பயப்படாதே.

பிப்ரவரியில் எனக்கு ஒரு வருஷம் முடிகிறது. எட்டு நாள் விடுப்பு வாங்கியிருக்கிறேன். பத்தாம் தேதிக் காலை வண்டியில் வருகிறேன். கண்ணாடியை நானே கழற்றி, மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன். நீயும் கூட வா. அந்த மனிதர் உன்னைப் பார்க்க வேண்டும், நான் அவரிடம் வாயால் சொல்லவும் வேண்டும்.

அதுவரைக்கும் அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். மேலே தூசி படிந்திருக்கும், படியட்டும். சிலந்தி வந்தாலும் வரட்டும், குடும்பம் நடத்தட்டும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், துடைக்காதே.

உன் அக்கா